ஐந்தாவது இறக்கை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு துறைமுகத் தளம். காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவிலிருந்து ஒரு கப்பல் வந்திருந்தது. மொத்தம் ஆறு, ஒவ்வொன்றும் எழுபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றை இறக்கித் தளத்தில் வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து வேறொரு கப்பல் வந்து கொண்டுபோகும்.

என் வேலை கயிறு பிடிப்பது. இரண்டு கிரேன்கள் சேர்ந்து இறக்கையைத் தூக்கும்போது அது காற்றில் திரும்பிவிடாமல், கீழே நின்று கயிற்றால் கட்டுப்படுத்துவோம். கயிறு தளரக் கூடாது. மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. தொங்கும் பாரத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. ஒன்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்துவந்தேன்.

அன்று எனக்கு ஒரு காரணம் இருந்தது.

நான் கடைசியாக ஊருக்குப் போய் இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. அதற்குப் பிறகுதான் என் மனைவி சென்னைக்கு வெளியே உள்ள ஓர் இறக்கைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சாயம் பூசுவதற்கு முன் இறக்கையைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. அவள் அந்த வேலை செய்து நான் பார்த்ததில்லை. தினமும் வீடியோவில் பேசுவோம். முகம் தெரியும், கை தெரியாது. கப்பல் புறப்பட்ட வாரம் அவள் ஓர் இறக்கையின் எண்ணை அனுப்பினாள். “கடைசி மூணு நம்பர் 318. அடிப்பக்கம் பூரா நான் தேச்சது. சிங்கப்பூர் வழியாத்தான் போகுதாம்.”

ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் கூடும் தேக்கா சந்தையில் அறை நண்பனிடம் இதைச் சொன்னேன். “ஏன்டா, எல்லாருக்கும் பொண்டாட்டி ஊறுகாய் அனுப்புவா. உனக்கு மட்டும் கப்பல்ல பிளேடா?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இறக்கையை ஒரு தடவை, கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட வேண்டும் என்ற ஆசையை அவனிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது இறக்கை இறங்கியது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு வந்ததும் கிரேன்கள் நின்றன. எண் இறக்கையின் தடித்த அடிமுனையில், கீழ்ப்புறமாக இருந்தது. 31 தெரிந்தது. மூன்றாவது இலக்கத்தை, இறக்கையைத் தூக்கும் பட்டை மறைத்தது.

மஞ்சள் கோட்டைத் தாண்டி மூன்று அடி எடுத்து வைத்தேன். குனிந்தேன். கயிறு தளர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.

விசில் கேட்டுத் துள்ளிப் பின்வாங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து ஒரு காற்று. அடிப்பக்கம் என் பக்கமாக வீசித் திரும்பியது. அதைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டத்தின் மூலை, நான் குனிந்திருந்த இடத்தைக் கடந்து போனது. எதிர்க் கயிற்றில் இருந்த வங்காளதேசத் தொழிலாளி குதிகாலைத் தரையில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து அதை நிறுத்தினார். பட்டைக்குப் பின்னால் இருந்தது 5. 315.

தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், பேச்சில் சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’ வந்துவிடும். இறக்கையைப் பத்திரமாக இறக்கி வைக்கும் வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வந்தார்.

“அண்ணே, எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?”

“ஒன்பது வருஷம் மேடம்.”

“அப்புறம் என்ன லா இது? புதுசா வந்தவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க. இப்ப உங்க வீட்டுக்கு யார் போன் பண்ணியிருப்பா? நான்தானே?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. எண்ணையும் மனைவியையும் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? லிஸ்ட் என் கையிலதான் இருக்கு. 318 அஞ்சாவது.”

தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

“அந்த ஒண்ணுக்கு மட்டும் கயிறு பிடிக்கிறேன் மேடம்.”

“அது உங்களோடதுங்கிறதாலதான் வேணாம்ங்கிறேன். போய் உக்காருங்க. ரிப்போர்ட் எழுதணும். மறுபடி டிரெய்னிங் முடிச்சாத்தான் உள்ள வர முடியும்.”

வேலிக்கு வெளியே, ஓய்வறைக் கொட்டகையில் உட்கார்ந்தேன். மதியம் வானம் கறுத்தது. மழை வந்தால் வேலை நின்றுவிடும். வரவில்லை. நான்கு மணிக்கு மேல் ஐந்தாவது இறக்கை கப்பலுக்கு மேலே எழுந்தது. தளத்தின் குறுக்கே மெதுவாக வந்தது. என் கயிற்றை வேறொருவர் பிடித்திருந்தார். நான் இறக்கையைப் பார்த்ததைவிட அந்தக் கயிற்றைத்தான் அதிகம் பார்த்தேன். அது ஒரு முறைகூடத் தளரவில்லை.

வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வேலி ஓரம் வந்தார். “318 எறக்கியாச்சு. நானே சுத்திப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. வீட்டுல சொல்லிடுங்க.” பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

பயிற்சி முடிந்து நான் மீண்டும் தளத்துக்குள் போனபோது ஆறு இறக்கைகளும் அடுத்த கப்பலில் ஏறிப் போயிருந்தன. 318-ஐ நான் தொடவே இல்லை.

அந்தச் செவ்வாய் மாலையே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். முதலில் திட்டினாள். “தலையக் கொடுத்துட்டீங்கன்னா நான் அந்தப் பிளேட வெச்சு என்னங்க பண்றது?” அழுதாளா என்று தெரியவில்லை, கேமராவைத் திருப்பிவிட்டாள், சுவர்தான் தெரிந்தது. பிறகு கேட்டாள்: “வெளிய எப்படிங்க இருந்துச்சு? எங்களுக்கு எல்லாம் கொட்டகைக்குள்ளதான். அடிப்பக்கம் நின்னா முனை தெரியாது. முழுசா ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

கறுத்த வானத்துக்கு எதிரே அது எவ்வளவு வெள்ளையாக இருந்தது, முனை எப்படி லேசாக அசைந்தது, தளத்தைக் கடந்து வர எவ்வளவு நேரமானது என்றெல்லாம் சொன்னேன். “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போதும் கயிற்றோடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். இறங்கி வரும் ஒவ்வொன்றையும் எங்கேயோ யாரோ கையால் தேய்த்து அனுப்பியிருப்பார், முழுதாக ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.