பம்பு தராத பெட்ரோலுக்கு நான் எங்கே போவேன்?

வண்டி ஓடினா ஓட்டினவர் கெட்டிக்காரர், நின்னா மெக்கானிக் மடையன். இதே தொழில்ல கை கருத்த உங்களுக்கு இதை நான் வேற சொல்லணுமா?

மயக்க வாயு

அறுபதுகளோட கடைசி. திருப்பூர் ராயபுரத்துல என் ஒர்க்‌ஷாப். ஷெட்டு ஒரு பனியன் கம்பெனி முதலாளியோடது. பேரைப் போட மாட்டேன், காரணம் கடைசியில தெரியும். அவருக்குக் கார் ரேஸ்னா உசுரு. வருஷா வருஷம் மெட்ராஸ் போவார், கோயமுத்தூர்க்காரங்ககிட்டத் தோத்துட்டு வருவார்.

அந்த வருஷம் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துட்டு, ஒரு கேஸ் சிலிண்டரை வாங்கிட்டு வந்து என் முன்னால நிறுத்தினார். இதை இஞ்சினுக்குள்ள விட்டா வண்டி பறக்குமாம். என்ன கேஸுங்கன்னு கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில மயக்கம் குடுக்கற கேஸுங்க மேஸ்திரி. நம்ம வண்டிக்கு விட்டா கோயமுத்தூர்க்காரன் மயங்கி உழுவான்!"

பாட்டில் பரீட்சை

கேஸ் விடறது பெரிய வித்தை இல்லீங்க. கேஸ் கூடினா அதோட எரிய பெட்ரோலும் கூடணும். பத்தலைன்னா உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகிடும். அதனால பெட்ரோல் குழாயைக் கழட்டி ஒரு கண்ணாடிப் பாட்டில்ல விட்டு, ஒரு நிமிஷத்துக்குப் பம்பு எவ்வளவு தள்ளுதுன்னு பிடிச்சுக் காட்டினேன். அரைப் பாட்டில்தான். இப்ப ஓடற ஓட்டத்துக்கே அது சரியாப் போயிடும்.

"இன்னொரு பம்பு வேணுங்க"ன்னேன். கார்புரேட்டர்ல பெட்ரோல் பீச்சற ஜெட்டு ஓட்டையைப் பெருசு பண்ணினாப் போதும்னார் அவர். ஓட்டையைப் பெருசு பண்ணலாம், பம்பு தராத பெட்ரோலுக்கு நான் எங்கே போவேன்? முடியவே முடியாதுன்னுட்டேன். முதலாளிக்கு மூஞ்சி சிவந்துபோச்சு.

"முடியாதுன்னா ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க!"

பூட்டுச் சாவி

எனக்கும் ரோஷம் இருக்குங்களே! பதினோரு வருஷம் நின்ன இடம். வேற இடம் கைவசம் இல்ல. ஆனாலும் ஸ்பானரையெல்லாம் பெட்டியில அள்ளிப் போட்டேன். ஷெட்டுச் சாவியை அவர் ரேஸ் கார் பானெட்டு மேல வெச்சேன். "ஷெட்டு உங்களுதுங்க, கை என்னுது. ரெண்டாவது பம்பு வராம அந்தச் சிலிண்டரைத் தொட மாட்டேன்."

சாவியை எடுக்காம, காரையும் அங்கேயே விட்டுட்டுப் போயிட்டார். மூணு நாளா, கட்டி வெச்ச பெட்டி மேலேயே உக்காந்திருந்தேன். நாலாம் நாள் அவரோட டிரைவர் ஆறுமுகம் நியூஸ் பேப்பர்ல சுத்தின ஒரு புதுப் பம்பைக் கொண்டுவந்து நீட்டினான்.

"முதலாளி குடுத்தாருங்க. உங்க மூஞ்சியப் பாக்காமக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

பல்லடம் ரோடு

ரெண்டு பம்பு, பெரிய குழாய், பெரிய ஜெட்டு. அதே பாட்டில் இப்ப நிரம்பி வழிஞ்சுது. பல்லடம் ரோட்டுல நானே ஓட்டிப் பார்த்தேன். கேஸைத் திறந்ததும், அடேங்கப்பா, முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு!

மறுநாள் முதலாளி ஓட்டிட்டுப் போனார். மத்தியானம் மாட்டு வண்டியில கட்டி இழுத்துட்டு வந்தாங்க. இஞ்சினைத் திறந்து பார்த்தா பிஸ்டன்ல ஓட்டை. தெருவே கூடிடுச்சு. "பெரிய மேதாவியாட்டம் பேசுனீங்களே, இன்னைக்கே ஷெட்டை விட்டு எறங்குங்க!"ன்னு முதலாளி கத்தினார்.

"எறங்கறேனுங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் இங்கேயே நின்னு பாருங்க"ன்னுட்டு, பம்புக்கு முன்னால இருக்கற சல்லடையைக் கழட்டினேன். வெள்ளை வெளேர்னு பஞ்சு அடைச்சுக் கிடந்துச்சு. சும்மா ஓட்டற வரைக்கும் அதுல கசிஞ்சது போதும், கேஸைத் திறந்தா எப்படிப் பத்தும்? ஆறுமுகம் தலையைச் சொறிஞ்சான். பெட்ரோல் சுத்தமா இருக்கட்டும்னு, முதலாளி சொன்னபடி கம்பெனியோட புதுப் பனியன் துணியில வடிகட்டித்தான் அன்னைக்குக் காலையில டேங்க்ல ஊத்தினானாம்.

கூட்டத்துல ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். முதலாளி என் கையைப் பிடிச்சு ஷெட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய், நான் ஆணியில மாட்டி வெச்சிருந்த சாவியைத் தானே எடுத்து என் சட்டைப் பையில போட்டார்.

"பஞ்சே உதிராத பனியன்னு கடை கடையாச் சொல்லி வித்துக்கிட்டிருக்கேனுங்க மேஸ்திரி! நீங்க இருக்கற வரைக்கும் ஷெட்டு உங்களுது, இதை மட்டும் வெளியில சொல்லிராதீங்க."

சத்தியமா இன்னைக்கு வரைக்கும் நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லீங்க, அந்தப் பஞ்சை அதே கண்ணாடிப் பாட்டில்ல போட்டு ஷெட்டு வாசல்ல எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சதோட சரி.