லோரிக்குப் போன மூன்று டின் எண்ணெய்

டீசல் வண்டியில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கொஞ்சம் கலந்து ஊற்றினால் இஞ்சினுக்கு நல்லதா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். எண்ணெயும் பெட்ரோலும் என் கையால்தான் அளந்து போயின. அதனால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியும்தான். ஆனால் அந்த எண்ணெயால் ஒருவருடைய வேலை போனது. அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல என்னால் முடிவதில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் மிஷின்கள் மூன்று இருந்தன. முதுகில் சுமந்துகொண்டு இலைக் கொப்புள நோய்க்கு மருந்து தெளிப்பார்கள். மழை பிற்பகலில் வந்துவிடும் என்பதால் காலையில் மட்டும், வாரம் மூன்று நாள். அவை டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்கள். அவற்றுக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் உள்ளே இருக்கும் இரும்புக்கு ஒரே ஆதரவு. நான்கு கேலன் பெட்ரோலுக்குப் பால்டின்னால் இரண்டரை டின் எண்ணெய். வாரத்துக்கு இரண்டு முறை கலப்பேன். ஆக ஐந்து டின். கலந்த தகரத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். பக்கத்திலேயே கோடில்லாத தகரத்தில் வெறும் பெட்ரோல் இருக்கும். நான் காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில், மிஷின்காரர்கள் தாங்களே வந்து ஊற்றிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். அதுதான் வழக்கம்.

கொழுந்து ஏற்றும் லோரியை என் அக்காள் கணவர் ஓட்டினார். கீழ்ப்பக்கத்து மலையிலிருந்து ஃபேக்டரிக்கு ஏறுவதற்குள் இருபத்தேழு வளைவு. பதினாறாவது வளைவில் டீசல் பம்ப் அழ ஆரம்பிக்கும். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்குக் காய்கறி லோரிக்காரர் ஒருவர் அவரிடம் டீசலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றச் சொல்லியிருந்தார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு முறை டீசல் நிரப்பும்போது ஒரு பால்டின்; வாரத்துக்கு மூன்று.

தோட்டத்துக்கு வரும் எண்ணெய் மிஷின்களுக்கென்று அளந்து வருவது. மாதக் கடைசியில் இருப்பு பார்ப்பார்கள். குறைந்தால் என்னைக் கேட்பார்கள். முடியாது என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அக்காள் வந்து, லோரி நின்றுபோனால் அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதாள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கலவையில் இரண்டரை டின்னுக்குப் பதில் ஒரு டின் போட்டால், ஒரு தகரத்துக்கு ஒன்றரை மிச்சம். இரண்டு தகரத்துக்கு மூன்று. லோரிக்கு வேண்டியதும் மூன்று. இவ்வளவு சரியாக வந்த கணக்கில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் விற்கிறவர்கள் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு மிஷின் மலையிலேயே இறுகி நின்றுவிட்டது. அதைச் சுமந்தவர் மூவரிலும் நல்ல வேலைக்காரர். மற்ற இருவரும் அரை மணிக்கொரு தரம் மிஷினை இறக்கி வைத்துச் சுருட்டுப் பிடிப்பார்கள். அவர்களுடைய மிஷின்களும் ஆறிக்கொள்ளும். இவர் பதினொரு மணிவரை நிறுத்தமாட்டார். அதனால்தான் இவருடையது இறுகியது. இதை நான் அன்று மாலையே புரிந்துகொண்டேன்.

ஃபேக்டரியில் பழுது பார்க்கும் பிட்டர் இஞ்சினைப் பிரித்தார். உள்ளே முழுக்கக் கீறல். "இது எண்ணெயையே பாக்கலங்க. வெறும் பெட்ரோல ஊத்தி ஓட்டியிருக்கான்" என்றார்.

துரை அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மிஷின்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செவப்புக் கோடு போட்ட தகரத்துலதாங்க ஊத்துனேன், தொரை. கிராணி ஐயாவக் கேளுங்க."

துரை என் பக்கம் திரும்பிக் கலவை சரியாகப் போட்டீர்களா என்று கேட்டார்.

"சரியாத்தான் போட்டேன், சார்" என்றேன்.

மூன்று வார்த்தை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவரைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். மிஷின்காரர் என்றால் தொழிலாளர் லயத்தில் ஒரு மதிப்பு உண்டு. அது போய்விட்டது. பெரட்டில் அவர் பெயர் வாசித்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது, "அவன நம்பிக் கோப்பி கலக்கச் சொல்லாதீங்கலா, தூள் போட மறந்துருவான்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பெயர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அடுத்த பெயரை வாசிப்பேன். இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவி பதினான்கு வயதிலிருந்து எங்கள் மலையில் கொழுந்து கிள்ளியவர்.

மிஷின் இறுகிய அன்று மாலையே கலவையைப் பழையபடி இரண்டரை டின்னாக்கிவிட்டேன். லோரிக்கு வேண்டியதைத் தானா ராத்தா டவுன் கடையில் என் காசில் வாங்கினேன். எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. இவ்வளவும் நடந்ததற்கு, அந்த எண்ணெய் லோரிக்காவது உதவியதா?

எட்டு வாரம் சோதித்தேன். இருபத்துநான்கு முறை டீசல் நிரப்பினோம். அத்தான் கண்ணாடி துடைக்கும்போது நானே பால்டின்னை ஊற்றுவேன். பன்னிரண்டு முறை அதில் எண்ணெய். பன்னிரண்டு முறை வெறும் டீசல். எது என்று அவருக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் பம்ப் எப்படி இருந்தது என்று கேட்பேன். எண்ணெய் ஊற்றிய நாட்களில் ஏழு முறை நன்றாக ஓடியது என்றார். ஊற்றாத நாட்களில் எட்டு முறை. அப்படியொரு நாளில்தான், "இன்னைக்குப் பாரு மாப்ளே, வெண்ணெய் மாதிரி ஏறுது. நான் சொன்னா நீ எங்க நம்புற" என்று என் முதுகில் தட்டினார். குச்சி விட்டு டேங்கை அளந்தேன். செலவான டீசலில் விரல்கடை வித்தியாசமும் இல்லை. அடுத்த வருடம் பம்பையே மாற்றினார்கள். அதன் பிறகுதான் அழுகை நின்றது.

அத்தானிடம் கணக்கைக் காட்டவில்லை. துரையிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று பல நாள் நினைத்தேன். அப்புறம் துரை மாற்றலாகிப் போனார். அது எனக்கு ஒரு சாக்காகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் அந்த மிஷின்காரரைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவரே வந்து கும்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதலாளி தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப் தன் பொறுப்பில் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை, கவலைதான் இருந்தது.

"அன்னைக்கு உங்களயும் தொரை முன்னால நிக்க வச்சிட்டேன். மன்னிச்சிருங்கய்யா. யோசிச்சுப் பாத்தா நான்தான் தப்பா ஊத்திருக்கணும். காலையில பனி, கோடு தெரிஞ்சிருக்காது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தொடர்ந்தார்.

"அதுலேருந்து எந்த இஞ்சின் கைக்கு வந்தாலும் ரெண்டு மூடி எண்ணெ கூடுதலா ஊத்திருவேன். டீசல் பம்புக்கு அது வேண்டாம்னு தவுக்கே மொதலாளி திட்டுறாரு. இருந்தாலும் ஊத்தாம கைய எடுக்க முடியல. அது நல்லதுங்களா, ஐயா? நீங்க படிச்சவங்க."

இருபத்துநான்கு முறை சோதித்துவிட்டு எனக்குத் தெரிந்திருந்த பதில் ஒன்றுதான்: ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் மீதியையும் சொல்லவேண்டும்.

"ஊத்துங்க. கெடுதல் இல்ல" என்றேன்.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மறுபடியும் கும்பிட்டுவிட்டுத் திரிங்காப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டார். பஸ் புறப்பட ஒன்பது நிமிடம் ஆனது. ஒன்பது நிமிடமும் நான் அங்கேயேதான் நின்றேன்.