பேர் சொல்லாமல் கூப்பிட்டது

செண்பகனூர் டீக்கடைக்கு வீரம்மா வந்து உட்கார்ந்தால், கடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்ப்பார்கள். மேஸ்திரி அழகுமலையின் மீசையை, மழையில் நனைந்து வாசலில் நிற்கும் பூனை என்பாள். கடைக்காரர் நீட்டிய டீயை, பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்த மாமன்போல ஆறிப்போய்க் கிடக்கிறது என்பாள். சிரித்துச் சிரித்துப் புரை ஏறியவர்கள் உண்டு. ஆனால் ஒருதரம் சொன்னதை மறுதரம் சொல்ல மாட்டாள். கெஞ்சினாலும் சரி, காசைக் காட்டினாலும் சரி. அதைத் திமிர் என்று பேசினார்கள். திமிரும் இல்லை, மண்ணும் இல்லை. அவளுக்குப் பயம். அந்தப் பயம் வந்த கதை இது. நம்புகிறவர் நம்பட்டும், மற்றவர் எழுந்து போகட்டும்.

எழுபத்து மூன்றில் அவள் சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்தபோது அவளுக்கு உவமை எதுவும் வராது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மழை என்றால் மழை என்பாள், பசி என்றால் பசி என்பாள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, புருஷன் பெரியண்ணனோடு கொடைக்கானல் மலைக்கு வந்தாள். அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய் அங்கேயே தங்கிவிட, இவள் வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கும் கூட்டத்தில் சேர்ந்தாள். தோல் பதனிட அந்தப் பட்டை வண்டி வண்டியாகப் போன காலம். உரிக்கிறவர்களின் உள்ளங்கையில் செம்பழுப்புக் கறை ஏறிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது, அதன் வாடையும் போகாது.

அந்தக் கூட்டத்தில் நாச்சியம்மாள் என்றொருத்தி இருந்தாள். கீழ்மலைக் காட்டுக்குள் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்த சனத்தில் வந்தவள். வீரம்மாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். முதல் வாரத்திலேயே ஒருநாள் அவள் வீரம்மாவின் இடுப்பில் இடித்தாள்.

"ஏ சிலோன்காரி, அங்கன பாரு. கரிச்சட்டியக் கவுத்து வச்ச மாதிரி ஒண்ணு நிக்குது."

"காட்டுமாடுன்னு சொல்லித் தொலைங்களேன் நாச்சியாக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, நாச்சியம்மாளின் கை அவள் வாயைப் பொத்திவிட்டது. காட்டுமாடு தலையைத் தூக்கியது. அத்தனை பேர் நிற்க, வீரம்மாவை மட்டும் பார்த்தது. அவர்கள் மரம் மாறினால் அதுவும் இடம் மாறி நின்று அவளையே பார்த்தது. பொழுது சாய்கிறவரை புல்லில் வாய் வைக்கவில்லை.

"பேரச் சொன்னா, நம்மளத்தான் கூப்புடுறாகன்னு வரும்" என்றாள் நாச்சியம்மாள். "மாதிரி சொன்னா அதுக்கு என்ன தெரியும்? அதுபாட்டுக்கு மேயும்."

"மனுசங்களுக்கும் அப்படித்தானா?"

"மனுசப் பேரு இன்னும் மோசம்டி. மாட்டப் பேரு சொன்னா மாடுதான் வரும். மனுசனப் பேரு சொன்னா யாரு வேணாலும் வரலாம்."

ஆகவே அந்தக் கூட்டத்தில் காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருத்தி ஓட்டைக் குடை, இன்னொருத்தி ஊறுகாய்ச் சட்டி. மேஸ்திரி, கிணற்றில் விழுந்த விசில். வீரம்மாவுக்கு நாச்சியம்மாள் கட்டிய பேர், ஊமைக் கடிகாரம். வீரம்மா இதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பதில் அவள் தங்கை சின்னத்தாய் வந்து சேர்ந்தாள். அக்காள் கப்பலேறும்போது பாவாடை கட்டிய பிள்ளை. இப்போது வளர்ந்த பெண். தாய்க்கும் அவளுக்கும் இந்தியா வரும் காகிதங்கள் வரத் தாமதமாகி, அதற்குள் தாய் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், அந்த லயத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். அட்டுவம்பட்டியில் ஒரே அறையில் இரண்டு பேரும் படுத்தார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. தங்கை, அக்காளின் முகத்தைப் பார்க்காமல் கறை படிந்த கையையே பார்ப்பாள்.

அவளும் பட்டை உரிக்க வந்தாள். நாச்சியம்மாள் விடுவாளா?

"உன் தங்கச்சிக்கு ஒரு பேரு கட்டு. வெரசா."

"அவ... நல்லவ."

"நல்லவன்னா? நல்லெண்ண மாதிரியா, நல்லபாம்பு மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. சொந்தத் தங்கை எதைப்போல இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னத்தாய் காதில் விழாததுபோலப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதம். சாயங்காலத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் எடுக்கச் சின்னத்தாய் குடத்தோடு ஓடைக்குப் போனாள். அவள் முதுகு மறையவும் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வரவும் சரியாக இருந்தது. கொதிக்கும் பால் சட்டியின் விளிம்புக்கு வருவதுபோல வந்து, சத்தமில்லாமல் வழிந்து, மரங்களை விழுங்கியது. மேஸ்திரி விசிலை ஊதி எல்லோரையும் ரோட்டுக்கு ஏற்றினார். சின்னத்தாய் மட்டும் இல்லை. ஆளும் லைட்டும் கொண்டு வருகிறேன் என்று அவர் போக, வீரம்மாவும் நாச்சியம்மாளும் மட்டும் திரும்பக் காட்டுக்குள் இறங்கி நின்றார்கள்.

வீரம்மாவுக்குப் பேர் சொல்லக் கூடாதென்ற சட்டம் மறந்துவிட்டது. பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் கூடப்பிறந்த வயிறு.

"சின்னத்தாயி! ஏ சின்னத்தாயி!"

"அக்கா" என்று பதில் வந்தது. பக்கத்திலேயே, இடது கைப்பக்கம். பாலில் சர்க்கரை போட்ட குரல்.

வீரம்மா ஓடினாள். நாச்சியம்மாள் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கன ஓடை இல்லடி. அங்கன தரையே இல்ல."

"அக்கா, இங்க வா. இங்க நல்லா இருக்கு" என்றது குரல்.

எதிரொலி என்பார்கள். நாம் சொல்லாததை எதிரொலி சொல்லுமா? சொல்லாது. பேச்சு அவ்வளவுதான்.

"உன் தங்கச்சி பேர அதுக்குக் குடுத்துட்ட" என்றாள் நாச்சியம்மாள். "இனிமே அந்தப் பேரு சொன்னா அதுதான் வரும். மாதிரி சொல்லிக் கூப்புடு. அவளுக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்ச மாதிரி."

வீரம்மா கத்தினாள். "நிலா மாதிரி இருக்கிறவளே!"

"நிலா மாதிரி" என்று இனித்தது பள்ளம்.

"ஊர்ல பாதிப்பேரு நிலாதான்" என்று நாச்சியம்மாள் அவள் தோளைக் கிள்ளினாள். "உன் தங்கச்சி எது மாதிரி? கண்ண மூடிப் பாரு."

வீரம்மா கண்ணை மூடினாள். லயம் தெரிந்தது. விடிகாலைப் பிரட்டுக் களம் தெரிந்தது, அங்கே கங்காணி பேர் கூப்பிடும்போது பின்னால் ஓடி வரும் ஒரு சின்ன உருவம்.

"பிரட்டுக்குப் பிந்திட்டு, ஒத்தக்கால்ல செருப்போட ஓடியாற கோழி மாதிரி நடக்கிறவளே!"

பள்ளம் பேசவில்லை. வலது பக்கம், வெகுதூரத்தில், அழுது கம்மிய ஒரு குரல் கோபமாக வந்தது.

"நீதான் கோழி!"

"அதுதான் நிசம்" என்றாள் நாச்சியம்மாள். "இனிக்கிறத நம்பாத, ஏசுறத நம்பு. நிறுத்தாம சொல்லு. ஆனா சொன்னதையே சொல்லாத, அது படிச்சுக்கும்."

வீரம்மா சொன்னாள். ரொட்டி கேட்டு அழும்போது உடைந்த குழாய் மாதிரி மூக்கு ஒழுகுகிறவளே என்றாள். தூங்கும்போது அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொள்கிறவளே என்றாள். "உன் மூக்கு மட்டும் என்னா, தோட்டத்து ஆபீஸ் மணி மாதிரி!" என்று பதில் கிட்டத்தில் வந்தது. இருவரும் ஏசிக்கொண்டே நெருங்கினார்கள். இடது பக்கம் பள்ளமும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. கோழி மாதிரி. குழாய் மாதிரி. வீரம்மாவின் குரலிலேயே சொன்னது.

நாலு முழத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"வராத" என்றாள் சின்னத்தாய். "நீ யாரு?"

"நான்தாண்டி, அக்கா."

"அதுவும் அப்படித்தான் சொல்லுச்சு. உன் குரல்ல பேசிக்கிட்டு என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. கை உன் கை மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா பட்டை வாடை இல்ல. உதறிட்டு ஓடியாந்தேன்." நிழல் ஓர் அடி பின்னால் போனது. பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. "நீ அக்கான்னா சொல்லு. நீ கப்பலுக்குப் போன அன்னைக்கு நான் எப்படி நின்னேன்? நீ திரும்பியே பாக்கல. உனக்கு எப்படித் தெரியும்?"

வீரம்மா வாயைத் திறந்தாள். நாச்சியம்மாள் அவள் காதில் ஊதினாள். "கத்தாத. கிட்டப் போயி மெதுவாச் சொல்லு."

வீரம்மா முட்டி போட்டு, கையால் தரையைத் தடவிக்கொண்டே போனாள். தங்கையின் கணுக்கால் கையில் தட்டுப்பட்டது. எழுந்து அவள் காதில் சொன்னாள். பள்ளத்துக்கு எழுத்துத் தெரியாது, அதனால் இங்கே எழுதினால் பாதகமில்லை.

"லாரி திரும்புற எடத்துல பாத்தேண்டி. லயத்து இஸ்தோப்புத் திண்ணைப் படியில நின்ன. நிறுவைக்கு எடுக்காம விட்டுட்ட கொழுந்துக் கூடை மாதிரி. நெறைய இருந்தும் யாரும் கூப்புடாம, நின்ன எடத்துலயே வாடிக்கிட்டு. அதப் பாத்த பொறகுதான் எனக்குப் பேச்சே நின்னு போச்சு."

சின்னத்தாய் அந்தக் கறைபட்ட கையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு விடவே இல்லை.

மூன்று பேரும் ஒருவர் முந்தானையை ஒருவர் பற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். நாச்சியம்மாள் முன்னால், வீரம்மா நடுவில், சின்னத்தாய் கடைசியில், அக்காளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு. ரோட்டில் மேஸ்திரியின் விசில் கேட்டது.

அப்போது பின்னால், பள்ளத்திலிருந்து சின்னத்தாயின் குரல் கேட்டது. இனிப்பு இல்லை. அசல் சின்னத்தாய்போலக் கம்மி, கோபமாக, அழுதுகொண்டு.

"என்ன சொன்ன அக்கா? எனக்குக் கேக்கல. நான் எப்படி நின்னேன்? இன்னொருக்கா சொல்லு."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறுகின. வீரம்மா அதை மறுதரம் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.