தழும்பு இல்லாத முகம்

சிகாமட்டில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எவ்வளவு பெரிதாக அடித்தாலும் என் கடைப் படம் உடையாது என்று பெருமை பேசுவேன். போன மாதத்தோடு அதை நிறுத்திவிட்டேன்.

பக்கத்து ஊரான சாஆவிலிருந்து வந்த ஓர் அக்கா, இறந்த கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் கேட்டார். கைப்பேசியில் ஒரே ஒரு சின்னப் படம்தான் இருந்தது.

"இவ்ளோ சின்னப் படத்தப் பெருசாக்கினா உடைஞ்சிரும் லா, அக்கா."

"எப்படியாச்சும் செஞ்சு குடுங்க தம்பி."

புகைப்படம் என்பது வண்ணப் புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். வெக்டர் படம் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆனது; எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. கம்பெனிச் சின்னங்களை அப்படித்தான் மாற்றுவேன். அந்த முகத்தையும் அப்படியே மாற்றினேன். பளிச்சென்று வந்தது. அக்காவிடம் காட்டாமலே அச்சடித்தேன்.

காரியத்தன்று காலையில் அவர் வீட்டு வாசலில் நானே கட்டினேன். அக்கா பேனரின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுறப்போ பட்ட தழும்பு இங்க இருக்குமே தம்பி. எங்க போச்சு?"

கிட்டத்தட்ட ஒரே நிறமான புள்ளிகளையெல்லாம் மென்பொருள் ஒன்றாக்கியபோது தழும்பும் கரைந்திருந்தது.

அக்கா திட்டவில்லை. உள்ளே விளக்கருகே இருந்த, அதே படத்தின் உள்ளங்கையளவு பிரதியை எடுத்துவந்து பேனருக்குக் கீழே நாற்காலியில் வைத்தார். மங்கலான படம்தான். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து அதைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் நானும் குனிந்தேன். தழும்பு தெரிந்தது.