வாடை இல்லாத சுத்தம்

எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் முறை வைத்து மாடிப்படி கழுவ வேண்டும். யாருடைய வாரமோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை வந்து தொங்கும். தெற்கு ஜெர்மனியில் இதற்குக் ‘கேர்வோஹெ’ என்று பெயர். துடைப்ப வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிவந்த புதிதில் பலகை என் கதவுக்கு வந்தது. கடலூர்க்காரியின் கை எப்படிப்பட்டது என்று காட்டிவிடுகிறேன் பார் என்று, கடையில் இருந்ததிலேயே காரமான கிருமிநாசினியை வாங்கி, வாளித் தண்ணீரில் தாராளமாக ஊற்றி, கீழிருந்து மேல்மாடிவரை தேய்த்துத் தள்ளினேன். நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் எதிர்வீட்டு ஃப்ராவ் வேபர் பதறிக்கொண்டு வந்தார். ஏதாவது உடைந்துவிட்டதா, எங்கிருந்து கசிகிறது என்று கேட்டார். “கசியவில்லை, கழுவியிருக்கிறேன்” என்றேன் பெருமையாக. அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவருடைய முறை. வெதுவெதுப்பான நீரில் ஏதோ ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்தார், துடைத்தார், போய்விட்டார். நான் வெளியே வந்து மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இதெல்லாம் ஒரு சுத்தமா? என் ஓட்டை ஜெர்மனில், “வாசனையே இல்லையே” என்று அவரிடம் சொன்னேன். நான் சொன்னது குறை. அவர் எடுத்துக்கொண்டதோ பாராட்டு. “கெனாவ்!” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் திணித்தார். கெனாவ் என்றால் ‘அதேதான்’ என்று அர்த்தம். குறை சொல்லப்போன நான் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொட்டலத்தில் இருந்தது ‘ஸிட்ரோனன்ஸாய்ர’. நம் மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான்.

சுத்தம் என்றால் மூக்கு எரிய வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எங்கள் வீடு செம்மங்குப்பத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையில், தொழிற்பேட்டையின் மடியிலேயே இருக்கிறது. காற்று திரும்பினால் ஒரு வாடை வரும். இன்னொரு பக்கம் திரும்பினால் வேறொரு வாடை. அதற்குமேல் வீட்டுக்குள் ஒரு வாடை எழும்பினால்தான் கழுவிய மாதிரி இருக்கும். போர் தண்ணீரின் உப்பு வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதற்கு வண்டிக்காரர் கூவி விற்கும் ஆசிட். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைக்கும், கண்ணில் நீர் வரும், கறை போகும். எல்லாம் தண்ணீர் விட்டு அலசி முடிந்தபின் பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளித் தூவுவார்கள், கோலத்துக்குச் செம்மண் இடுவதைப்போல. அது தூவாத கழிவறை எங்கள் தெருவில் கழுவாத கழிவறை.

என் அண்ணி ராஜேஸ்வரி அந்த வீட்டுக்குச் சிதம்பரத்திலிருந்து வாழ வந்தவர். வந்த சில வருஷங்களில் இழுப்பு தொடங்கியது. பிறந்தகம் போனால் அடங்கும், திரும்பினால் எழும்பும். போன வருஷம் ஆசிட் ஊற்றிக் கழுவிய ஒரு நாளில் மூச்சு திணறி, சிதம்பரத்தில் பார்க்கும் டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இனி அந்தப் பாட்டில் பக்கமே போகக் கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் போனில் இதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. அம்மா போனபின் அந்த வீட்டில் எனக்கென்று சோறு எடுத்துவைக்கிறவர் அண்ணி ஒருவர்தான். லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். ஆசிட்டை அந்த வீட்டிலிருந்து துரத்தாமல் விமானம் ஏறுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

போன மறுநாளே கடலூர் போய் எலுமிச்சை உப்பும் ஆப்பசோடாவும் சலவை சோடாவும் வாங்கிவந்தேன். ஆசிட் வாங்கும் செலவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை உப்பு இரண்டு மேசைக்கரண்டி. உப்புப் படிந்த இடத்தில் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டி நின்று பார்த்தார். அப்புறம் துணியை எடுத்துவிட்டு மோந்து பார்த்தார்.

“வாடையே இல்லியே கலா. இதுல பூச்சி சாவுமா?”

“கறை போவுதா பாருங்க அண்ணி. மூக்க வெச்சி என்னா பண்றது?”

“குத்துவெளக்குக்குப் புளி, கக்கூசுக்கு எலுமிச்ச உப்பு. இன்னும் கொஞ்ச நாள்ல கொத்தமல்லி தூவுவ போல.”

கேலி செய்தவர் வாளியின் வெள்ளை உரிந்து வந்ததும் நாரைத் தானே வாங்கித் தேய்த்தார். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுநீரில் சலவை சோடா, தொட்டியைத் தேய்க்க ஆப்பசோடாவைக் குழைத்து ஒரு பசை. இதெல்லாம் சேஃப் அண்ணி, பயமே வேண்டாம் என்று நூறு தடவை சொன்னேன். ஆசிட் பாட்டிலை அண்ணன் வெளியே கொண்டுபோனான். வந்த வேலை முடிந்தது என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அந்த வாரமே ஒரு காலை. அண்ணனின் பசங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அண்ணி குளியலறையில் இருந்தார். நான் அடுப்படியில், அண்ணன் கூடத்தில். ஒரு வாடை வந்தது. எங்கள் ஊரில் வாடை வந்தால் யாரும் யோசிப்பதில்லை. எழுந்து சன்னலைச் சாத்துவார்கள். வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. “ஆரம்பிச்சிட்டான்டா கம்பெனிக்காரன்” என்று முனகிக்கொண்டே அண்ணன் கூடத்துச் சன்னல்களையும் தெருக்கதவையும் சாத்தினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாடை என்றால் சன்னலைத் திறந்துவிடும் ஜெர்மனியில் இத்தனை வருஷம் இருந்தவள், அடுப்படிச் சன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டேன். நாங்கள் சாத்துவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்களும் சாத்தினார்கள். வாடை குறைவதாக இல்லை, ஏறிக்கொண்டே போனது. தொண்டை காந்தியது. குளியலறைக்குள் இருமல் கேட்டது. அப்புறம் இருமலும் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். எலுமிச்சை நீர் ஊறிக்கொண்டிருந்த தரையின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருந்தார். தரை நுரைத்துக்கொண்டிருந்தது. அண்ணி சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தார், உதடெல்லாம் வெளுத்து. “அண்ணா, எல்லாத்தையும் தொற! இது வெளிய இல்ல, நம்ம வூட்டுக்குள்ள!” என்று கத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கையைப் பற்றித் தெருவுக்கு இழுத்துவந்தோம். அவர் மார்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அது உறுதியானபிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிச்சிட்டியே. அந்த ஆசிட்டே பரவாயில்லையேடி!”

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. “நீ சன்னல சாத்தினியே, அத எந்த கணக்குல எழுதுறது?” என்றேன். நர்ஸ் இருவரையும் வெளியே போகச் சொன்னார். அப்போது மாஸ்க்கைச் சற்று நகர்த்திவிட்டு அண்ணி பேசினார்.

“அவளத் திட்டாதீங்க. நீதான கலா சேஃப்ன்ன? சேஃப்னா எதோட சேத்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். வாடை வேற வரல, மனசு கேக்கல. கடைசியில ஒரு கை தூவிட்டேன்.”

அவரைத் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? எதை ஊற்ற வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லியிருந்தேன். எதன்மேல் எதை ஊற்றக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஃப்ராவ் வேபர் வீட்டில் பிளீச்சிங் பவுடர் கிடையாது. அதனால் அவர் எனக்குச் சொல்லவில்லை. அங்கிருந்து தூக்கிவந்த சுத்தத்தை இங்கிருக்கும் வழக்கத்தின்மேல் அப்படியே இறக்கிவைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அண்ணியைச் சிதம்பரத்தில் அவர் பிறந்தகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே வாடை கிடையாது. நான்கு நாள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியதும் முகத்தில் ரத்தம் வந்தது. அவருடைய தம்பி, “அக்கா இங்கயே கொஞ்ச மாசம் இருக்கட்டும்” என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணி தலையாட்டவில்லை.

“இங்க வந்தா மூச்சு நல்லாருக்கு. அவுரு, பசங்க, எல்லாம் அங்க. மூச்ச மட்டும் இங்க வெச்சிட்டுப் போவ முடியுமா? நான் போறேன். எது கூட எது சேரக் கூடாதுன்னு ஒழுங்கா சொல்லிக்குடு.”

சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன், ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல வெளியே இருந்துகொண்டு போனில் யோசனை சொல்பவர்களுக்கும். பிளீச்சிங் பவுடர்மேல் புளிப்பு எதுவும் படக் கூடாது. ஆசிட் மட்டுமல்ல, வினிகரும் எலுமிச்சையும்தான். கழிவறைக் கிளீனர்கள் பலவற்றிலும் ஆசிட் உண்டு, அம்மோனியா சேர்ந்த கிளீனர்களும் உண்டு. பிளீச்சிங் பவுடரோடு அவையும் ஆகாது. எலுமிச்சை உப்பையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலந்தால் ஆபத்தில்லை, நுரைதான் மிச்சம், இரண்டும் வீண். மார்பிள் தரையில் புளிப்பு ஊற்றினால் பளபளப்பு போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு பொருள், கழுவும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அண்ணி செம்மங்குப்பம் திரும்பியதும் பிளீச்சிங் டப்பாவை எடுத்து வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். வாடைக்காகக் கடைசியில் ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டு வைக்கிறாராம். வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று மத்தியானம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நான் திரும்பிவந்துவிட்ட ஜெர்மனியில் நல்ல வெயில், என் அடுப்படிச் சன்னல் அகலத் திறந்திருந்தது. பண்ருட்டியிலிருந்து யாரோ பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணி, பாதியில் நிறுத்தி முகத்தைத் தூக்கினார்.

“இரு கலா, வாடை வருது.”

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மேல்கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு, “உள்ள இல்ல, வெளியதான்!” என்று அண்ணி யாருக்கோ சொன்னார். சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது கேட்டது.

அவர் திரும்பி வந்து போனை எடுத்தபோது, நானும் போய் என் சன்னலைச் சாத்திக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

“நீ எதுக்குச் சாத்துற?” என்றார் அண்ணி. “அங்க என்னா வாடை?”