பூட்டிய அலுமாரியில் ஈரச் சந்தனம்

பேய், ஆவி என்பவற்றில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. யாராவது அந்தக் கதை எடுத்தால் எழும்பிக் குசினிக்குச் சமையல் பார்க்கப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் பொய் இல்லை.

சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் வயதான ஒரு தம்பதியின் வீட்டில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தேன். அங்கே இங்கிலாந்தில் செய்த பழைய மகோகனிப் புத்தக அலுமாரி ஒன்று, கூரையைத் தொடும் உயரம். ஒரு கதவில் பதின்மூன்று சின்னக் கண்ணாடிகள், இடையே விரல் தடிப்புக்கூட இல்லாத மரச்சட்டங்கள், துணியை விரலில் சுற்றித்தான் துடைப்பேன். முதல் வருடம் சரஸ்வதி பூசையன்று, இத்தனை புத்தகம் சும்மா இருக்கிறதே என்று மனம் கேட்காமல், அடிப்பலகையில் களவாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். வீட்டு ஐயா பார்த்துவிட்டார். ஏசவில்லை, தன் விரலை நீட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் நான் சந்தனம் குழைத்துக் கொடுப்பேன், அவர் பொட்டு வைப்பார்.

போன பங்குனியில் ஐயா செத்துப்போனார். புரட்டாசியில் அவருடைய மனைவி அலுமாரியைத் திறக்கப் போனால் திறப்பை, அதன் சாவியை, காணவில்லை. அவருடைய ஜெர்மன் எனக்கு முழுதாக விளங்காது என்று என் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"அம்மா, திறப்பை நீங்கள் எடுத்தனீங்களோ எண்டு கேக்கிறா."

"நானோ? அந்தப் புத்தகத்தில எனக்கு ஒரு எழுத்துத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும். அவ நம்பேல்லை. பின்னேரத்துக்குள்ள கிடைக்காட்டி நாளைக்கு வரவேண்டாமாம்."

பதினொரு வருடம். கள்ளி என்ற பெயரோடு எப்படி வெளியே போவது? ஐயாவின் மனைவி மாடிக்குப் போனதும் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். நல்ல மத்தியான வெயில். அன்றைக்குச் சரஸ்வதி பூசை, ஆனால் ஐயா இல்லாத வீட்டுக்குச் சந்தனம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. "ஐயா, நீங்களாவது சொல்லுங்கோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நம்பினால் நம்புங்கள், கதவுக்கு மேலே வெறும் அலங்காரம் என்று நான் வருடக்கணக்காகத் துடைத்த பலகை ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. கைப்பிடி இல்லாத இழுப்பறை, லாச்சி அது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். உள்ளே திறப்பு.

அப்படி ஒரு லாச்சி இருப்பது ஐயாவின் மனைவிக்கே தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஐயாதான் ஒளிச்சு வைச்சிருப்பார். வெயில் சூட்டுக்கு மரம் அசைஞ்சிருக்கும், அம்மா" என்றாள் மகள்.

"ஓம் பிள்ளை, இருக்கும்" என்றேன்.

அவளுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. லாச்சிக்குள் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, என் விரலைவிட அகலமாக. தொட்டேன், ஈரமாக ஒட்டியது. அதை வைத்தது யார் என்று நான் கேட்கமாட்டேன். அன்றைக்குக் குழைத்துக் கொடுத்தது யார்?