மூன்று பொட்டு வைத்த பெட்டி

நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் போட வந்த அவர் தென்பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். ஏசி குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார். திரையில் ஒரு மெஷின் கூப்பிட்டு இன்னொன்று பதில் தந்ததும், "ம்" என்று அவரும் சொல்லிக்கொள்வார்.

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு அவர் வேலை செய்த ஏசி அறைக்குள் போனேன்.

"ஏனுங்க, மூணு மெஷின்னு சொன்னீங்க. ஒண்ணுதானுங்க இருக்குது?"

"மூணும் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி. இது ஒண்ணே மூணு மெஷினா வேலை பாக்கும்."

சாமி காரியத்தில் குறை வைக்கலாமா? ஒரே பெட்டிக்கு மூன்று பொட்டு வைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுக வெளிய யாருகிட்டயாவது பேசுமுங்களா?"

"பேசாது. வெளிய இருந்தும் யாரும் கூப்பிட முடியாது. தங்களுக்குள்ளதான் பேசிக்கிடும். அப்பதான் வைரஸ் அண்டாது."

"நீங்க நோம்பிக்கு ஊருக்குப் போகலீங்களா?"

"இல்ல." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மத்தியானம் நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. நீங்க வராம நான் சாப்புட மாட்டனுங்க."

"வாறேன் அண்ணாச்சி," என்றபோது அவர் முகமே மலர்ந்துவிட்டது.

இலை போட்டுக் காத்திருந்தோம். வரவில்லை. மாலையில் தெருமுனைக் கடைக்காரர் சொன்னார்: "உங்க கம்பெனி கம்ப்யூட்டர்காரருன்னு ஒருத்தரு ஊடு கேட்டு வந்தாருங்க. வாசல் வரைக்கும் போனாரு. உள்ள நீங்க சொந்தபந்தமெல்லாம் உங்களுக்குள்ள சிரிச்சுப் பேசீட்டிருந்தீங்க. செத்த நேரம் நின்னு கேட்டுட்டுத் திரும்பிட்டாருங்க."

கம்பெனி திறந்த அன்று விசாரித்தேன். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே. ஏன் கொடுக்கவில்லை என்று இன்றும் சாமி கும்பிடும்போது முருகனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.